எட்டுக் கால் வீடு

ஒரு வீட்டுக்கு எட்டுக் கால் வைக்க எனக்குப் பதினோரு மாதம் ஆனது. அந்த எட்டுக் கால்களின் பாதத்தையும் வெட்டிப் போட ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது. அந்தச் சொல்லை வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க முயன்று பார்த்தேன். முடியவில்லை. குரல் என்னுடையது, கைப்பேசியில் பத்திரமாகப் பதிவாகியிருந்தது.

நான் சிற்பம் செய்கிறவள். சாமி சிலை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புக்கிட் செந்தோசாவில் எங்கள் வரிசையில் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் இன்னமும் என்னிடம் பிள்ளையார் விலை கேட்கிறார்கள். நான் செய்பவை இரும்பும் பழைய தகரமுமாக, ஒரு லோரியில் அடங்காத அளவுக்குப் பெரியவை. வெட்டவெளியில் நிற்க வேண்டியவை. நின்றால் சிற்பம், விழுந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

என்னுடையது ஒன்று விழுந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பூங்காவில் நான் நிறுத்திய நாரை, மாலைக் காற்று ஒன்றில் குப்புற விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் படம் எடுத்தவர்கள் நிறைய. அதற்குப் பிறகு எனக்கு யாரும் வெட்டவெளி கொடுக்கவில்லை. மண்டபத்து மூலையைக் கொடுத்தார்கள், மாடிப்படிக்குக் கீழே இடம் கொடுத்தார்கள். "சின்னதா ஒன்னு செய்யுங்களேன்" என்றார்கள். அந்தச் 'சின்னதா'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆகவே கோல சிலாங்கூருக்கு வெளியே, கம்போங் குவாந்தான் சந்திப்பைத் தாண்டியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வெட்டவெளிச் சிற்பக் காட்சி வைக்கிறோம், உங்களுக்கும் ஓரிடம் உண்டு என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை. இடம் பழைய பெரட்டுத் திடல். விடிவதற்கு முன் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்ட இடம். இப்போது அங்கே புல்லும் தலைக்கு மேலே ஒரு மின்கம்பியும்தான். காட்சி சனிக்கிழமை திறக்கும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பொறியாளர் 'இது விழாது' என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் என் சிற்பம் காட்சியில் இல்லை. இரண்டாவது முறையும் நிறுத்தத் தெரியாதவள் என்று பெயர் வாங்கினால் இனி எனக்கு எங்கேயும் வெட்டவெளி கிடைக்காது. அது எனக்குத் தெரியும், ஏற்பாட்டாளர்களுக்கும் தெரியும்.

அவர்கள் மின்மினி கேட்டார்கள். அங்கே ஆற்றங்கரை மின்மினியைப் பார்க்கத்தான் ஊர் ஊராக வந்து படகு ஏறுகிறார்களே, அதை இரும்பில் வேறு செய்ய வேண்டுமா என்றேன். பிறகு ரப்பர் மரமும் பால் வாளியோடு ஒரு தாயும் கேட்டார்கள். அதுவும் மாட்டேன் என்றேன். நான் ஒன்பது வயதுவரை லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தவள். அந்த வாழ்க்கையை நினைத்து எனக்கு ஏக்கம் எதுவும் கிடையாது. கூரை ஒழுகும், கக்கூஸ் நூறடி தள்ளி இருக்கும். எனக்கு மறக்காமல் இருப்பது வேறொன்று. லயத்தை இடிக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு குடும்பமாகச் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனது. வீடு மட்டும் அப்படியே நின்றது. இது ஏன் எழுந்து கூட வரவில்லை என்று அப்போது எனக்கு அந்த வீட்டின் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தைத்தான் செய்யப்போகிறேன் என்றேன். ஆறு கதவு வைத்த ஒரு லயம், எட்டுக் காலில் எழுந்து நடக்கிறது.

முதலில் அளவு. காகிதத்தில் வரைந்தால் எனக்குப் பெரியது புரியாது. எங்கள் தாமான் குடியிருப்பின் பூப்பந்துத் திடலில் வீட்டைச் சுண்ணாம்புக் கட்டியால் முழு அளவில் வரைந்தேன். நீளம் முப்பத்தாறு அடி. மாலையில் ஆட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவர், "என்னா சிஸ்டர், கோர்ட்ட வாங்கிட்டீங்களா?" என்றார். அவர்கள் ஆடி முடிப்பதற்குள் கோடு அழிந்துவிடும். மறுநாள் காலை மறுபடி வரைவேன். ஒவ்வொரு முறை வரையும்போதும் கால் கொஞ்சம் நீண்டது. கடைசியில் பன்னிரண்டு அடியில் நிறுத்தினேன்.

பற்றவைக்கும் வேலையெல்லாம் எங்கள் வீட்டுக்குப் பின் சந்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுடையது. கூடப் பிறந்தவர் அல்ல, என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அண்ணன். கேட், ஜன்னல் கிரில், கார் நிறுத்தும் கூரை இவைதான் அவர் தொழில். முதல் நாள் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "கதவு தொறக்குமா?" என்று கேட்டார்.

"தொறக்காதுண்ணே."

"தொறக்காத கதவு எதுக்குமா ஆறு?"

இப்படிக் கேட்ட மனிதர்தான் பழைய தகரத்தின் ஒவ்வொரு நெளிவையும் நீவி, துரு பிடித்த இடம் எது, மழை ஓடிய தடம் எது என்று பார்த்துப் பார்த்துச் சட்டத்தில் அடித்தார். வீட்டை மூன்று துண்டாகச் செய்தோம், லோரியில் ஏற்ற வேண்டுமே. கால்கள் தனி. கனத்த குழாய், நடக்கிற மாதிரி ஒன்று முன்னே சாய்ந்தது, ஒன்று பின்னே சாய்ந்தது. ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு சதுரத் தகடு, அதில் நான்கு ஓட்டை. திடலில் போட்டிருக்கும் சிமெண்டுத் தளத்தோடு அந்தத் தகட்டைப் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். கேட்டுத் தூணானாலும் கூரைத் தூணானாலும் அந்தத் தகட்டுக்கு அவர் பட்டறையில் ஒரே பெயர்தான்: காலடி. "காலடி வச்சாச்சா?", "காலடிக்கு ஓட்ட போட்டாச்சா?" என்று நாள் முழுக்கக் காதில் விழும். எனக்குத் தெரியாத சொல் அல்ல.

காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது, தளம் போட்டவர்கள் அதை மூன்று அங்குலம் உயர்த்திப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. மின்கம்பிக்கும் கூரைக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஒரு விதி உண்டு. மூன்று அங்குலத்தைக் காலின் மேல் முனையில் குறைத்தால் போதும். நான் அப்போது பெஸ்தாரி ஜெயா சாலையில் இருந்தேன். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஊர்ந்துகொண்டிருந்தது, முந்த வழியில்லை. எரிச்சலில் வண்டியை ஓரம் கட்டி அண்ணனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். எங்கள் அப்பா அளவு சொன்னால் அரை அடி, கால் அடி என்றுதான் சொல்வார், எனக்கும் அதே வாய். மூன்று இஞ்சு என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். நான் சொன்னது இது:

"அண்ணே, எட்டுக் காலுக்கும் கால் அடி வெட்டிருங்க. அவசரம்."

அவர் எட்டுக் காலுக்கும் காலடியை வெட்டிவிட்டார்.

காட்சி வாரத்துத் திங்கட்கிழமை லோரி திடலுக்கு வந்தது. கால்களை இறக்கி வரிசையாகப் புல்லில் போட்டார்கள். நான் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தேன். எட்டும் மொட்டையாக இருந்தன. வெட்டிய இடத்தை அண்ணன் வழவழப்பாகத் தேய்த்து, துரு பிடிக்காமலிருக்கச் சாயமும் பூசியிருந்தார். அத்தனை சுத்தமான வேலை.

"காலடி எங்கண்ணே?"

"வெட்டியாச்சு. நீதானேம்மா வெட்டச் சொன்ன?"

"நான் மூணு இஞ்சு வெட்டச் சொன்னேன்!"

அவர் கைப்பேசியை எடுத்து என் செய்தியைப் போட்டார். திடல் முழுக்க என் குரல் கேட்டது. லோரிக்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் முறை போட்டார். என் காதுக்கே அது காலடி என்றுதான் விழுந்தது. மூன்றாம் முறை போடுவதற்குள் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டேன்.

"கேக்க வேண்டியதுதானே? காலடி இல்லாம எப்படி நிக்கும்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டா என்னா சொல்லுவ? நாளுக்கு ஒன்னு மாத்துற ஆளு நீ. கதவு நீலம்ன, பச்சன்ன, அப்புறம் சாயமே வேணாம்ன. கால நீட்டு நீட்டுன்னு நீட்டுன. இப்ப காலடி வேணாம்ங்கிற. சரி, மண்ணுல நடப் போறா போலன்னு நெனச்சேன் லா."

"தகடெல்லாம் எங்க?"

"ரவாங்குல ஒரு வீட்டு கார் கூரைக்கு வச்சுட்டேன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பத்து வயது மூத்த மனிதரை நாலு பேர் முன்னால் அப்படிப் பேசியது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதுவும் தவறு என் வாயில் என்று தெரிந்தே பேசினேன்.

மத்தியானம் பொறியாளர் வந்தார். தமிழ்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது, தலையில் மஞ்சள் தொப்பி. அண்ணன் புதுத் தகடு கொண்டுவந்து இங்கேயே பற்றவைத்துத் தருகிறேன் என்றார். அந்தப் பெண் கால் முனையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அக்கா, புதுசா வெல்டிங் பண்ணா, இங்கயோ பட்டறையிலயோ, டெஸ்ட் ரிப்போர்ட் வேணும். டெஸ்ட் பண்றவங்க ரெண்டு வாரத்துக்கு ஃபுல். ரிப்போர்ட் இல்லாம நான் சைன் பண்ண முடியாது. சாரிக்கா."

கோபப்பட அங்கே எதுவும் இல்லை. அவர் செய்தது சரி. ஏற்பாட்டாளர் ஒருவர் என் பக்கத்தில் வந்து, வீட்டை மட்டும் தரையில் வைத்துவிடலாமே, "சின்னதா" இருந்தாலும் அழகாகத்தானே இருக்கும் என்றார். நான் விலகிப் போய்க் கால்களின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் அண்ணன் சொன்னது காதுக்குள் போனது. மண்ணில் நடப்போகிறாள் போல. வேப்ப மரத்தை, வேலிக்காலை, மின்கம்பத்தை நடுகிறோம். எதற்கும் காலடி கிடையாது. காலில் நாலடி மண்ணுக்குள் போனால் வீடு எட்டடி உயரத்தில் நிற்கும். கம்பிப் பிரச்சினையும் தீர்ந்தது. நான் நினைத்த உயரம் இல்லை, ஆனால் நிற்கும். பொறியாளரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

அவர் தரையில் குந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டார். சிமெண்டுத் தளத்துக்குப் பக்கத்தில் எட்டுக் குழி, ஒவ்வொன்றும் நாலடி ஆழம், சீக்கிரம் இறுகும் கான்கிரீட். செவ்வாய்க்கிழமைக்குள் ஊற்றினால் வெள்ளிக்கிழமை இழுத்துப் பார்க்கலாம். இழுத்ததில் அசையாவிட்டால் கையெழுத்து. பேனாவை மூடிவிட்டு அவர் கேட்டார்:

"சரிக்கா, மூணு மாசம் கழிச்சு இத எப்படிக் கழட்டுவீங்க?"

தோட்டத்து நிர்வாகம் நிலத்தை மூன்று மாதத்துக்குத்தான் கொடுத்திருந்தது. போல்ட் என்றால் கழற்றிக்கொண்டு போகலாம். கான்கிரீட்டில் நட்ட காலைக் கழற்ற முடியாது. அவர் என் முன்னாலேயே நிர்வாகிக்குப் போன் போட்டார். நிர்வாகி மறுக்கவில்லை, ஆனால் எழுத்தில் கேட்டார்: மூன்று மாதம் முடிந்ததும் நானே என் செலவில் கால்களைத் தரை மட்டத்தில் அறுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அதாவது என் வீடு நிற்க வேண்டுமென்றால், அதன் காலை நானே வெட்டுவேன் என்று இப்போதே எழுதிக்கொடுக்க வேண்டும். லயத்தை இடித்தபோதுகூட எங்களை இடிக்கச் சொல்லவில்லை என்று தோன்றியது. பொறியாளர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிற்காத வீட்டின் காலைக் காப்பாற்றி என்ன செய்வது?

செவ்வாய் காலை தோட்டத்தில் வாய்க்கால் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. அதை ஓட்டிய மலாய்க்காரர் சிரித்த முகத்தோடு முதல் குழியைத் தோண்டினார். இரண்டடி வரை மண், அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி. மூன்றாவது அடியில் தண்ணீர் ஊறியது. "ஆயேர் நாயிக், காக்," என்றார், தண்ணீர் ஏறுகிறது அக்கா என்று. கடல் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பதை நான் மறந்திருந்தேன். குழியின் சுவர் சரியத் தொடங்கியது.

வாய்க்காலுக்குப் போடும் சிமெண்டு உறைகள் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்தன. கேட்டு வாங்கி, ஒவ்வொரு குழியிலும் ஒன்றை இறக்கினோம். சரிவு நின்றது. பம்பு ஒன்றுதான், எட்டுக் குழி. ஒன்றில் இறைத்துக் கான்கிரீட் ஊற்றி அடுத்ததற்கு ஓடுவது என்று வைத்துக்கொண்டோம். காலின் சாய்வு மாறக் கூடாது, மேல் முனையிலிருக்கும் ஓட்டைகள் வீட்டின் அடிச்சட்டத்து ஓட்டைகளோடு பொருந்த வேண்டும். அதற்காக அண்ணன் விடியும் முன்பே எழுந்து, வீட்டின் அடி அளவில் பலகைச் சட்டம் ஒன்று அடித்துக் கொண்டுவந்திருந்தார். முந்தின நாள் அத்தனை பேச்சு வாங்கியவர் அதை லோரியிலிருந்து இறக்கினார்.

"நேத்து பேசினது தப்புண்ணே," என்றேன்.

"பம்ப புடி. தண்ணி ஏறுது," என்றார்.

நாலாவது காலுக்குக் கான்கிரீட் ஊற்றும்போது முட்டுக்கட்டை வழுக்கியது. கால் மெதுவாகச் சாய்ந்தது. நான் குழிக்குள் குதித்து அதைத் தோளில் தாங்கினேன். இடுப்புவரை கான்கிரீட்டும் சேறும். அண்ணன் வேறு முட்டு வெட்டிக் கொண்டுவந்து அடிக்கும்வரை அப்படியே நின்றேன். பயமாக இருந்தது. ஆனால் அந்தக் கால் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, ஒரு நாரை போதும். அன்று மாலை எட்டும் நட்டாகிவிட்டது.

புதன் பூராவும் மழை. வியாழன் நான் ஒன்றுக்கும் உதவாமல் திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கான்கிரீட்டை அவசரப்படுத்த முடியாது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒன்று.

வெள்ளி காலை பளுதூக்கி வந்து வீட்டின் முதல் துண்டைத் தூக்கியது. இரண்டு கால் பொருந்தியது. நடுத்துண்டு, நான்கு கால், பொருந்தியது. கடைசித் துண்டில் ஏழாவது கால் சரி, எட்டாவது ஒரு விரல் தள்ளி நின்றது. மணி மூன்று. அண்ணன் ஏணியில் ஏறி ஓட்டையை அரம் போட்டுத் தேய்த்தார், இறங்கிப் பார்த்தார், மறுபடி ஏறித் தேய்த்தார். போல்ட் உள்ளே போனபோது மணி நாலு பத்து. பெக்கோ சங்கிலியைக் கட்டி வீட்டைப் பக்கவாட்டில் இழுத்தது. தகரம் முனகியது. பொறியாளர் ஒவ்வொரு காலின் அடியிலும் குனிந்து அளவு பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் இழுக்கச் சொன்னார். நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஓகேக்கா. ஸ்ட்ராங்கா இருக்கு," என்றார். காகிதத்தை என் முதுகில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார், வேறு மேசை இல்லை.

அது நின்றது. மூன்று மாதமும் நின்றது. இரண்டு புயல் மழையைப் பார்த்தது. நான் அவ்வப்போது போய்க் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவேன், ஆனந்தம் என்றால் அதுதான், வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

எழுதிக்கொடுத்த நாள் வந்தது. வீட்டை மூன்று துண்டாக இறக்கினோம். முதல் காலைத் தரை மட்டத்தில் பொறி பறக்க நானே அறுத்தேன். மற்ற ஏழையும் அண்ணன் அறுத்தார். புதிதாகக் கால் பற்றவைத்துக்கொள்ளலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். மாட்டேன். ஓரிடத்தில் நின்றுவிட்டு அங்கிருந்து கிளம்பினால் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடுகிறது, அதை மறைத்து ஒட்டுப்போட எனக்கு விருப்பமில்லை. அடுத்த இடத்திலும் இதே கால்தான், இதே போல நடுவதுதான்.

அண்ணன் அறுத்த கால் ஒன்றின் மேல் அளவுநாடாவை நீட்டினார். எட்டடி. அடுத்த இடத்தில் நாலடி மண்ணுக்குள் போனால் மேலே நாலு நிற்கும். அங்கிருந்தும் அறுத்துக்கொண்டு கிளம்பினால் மிச்சம் அந்த நாலுதான். அதையும் நட்டால் வீடு தரையில் உட்கார்ந்துவிடும், பிறகு எங்கேயும் நடக்க முடியாது. அவர் விரலால் எண்ணி முடித்துவிட்டு நாடாவைச் சுருட்டினார்.

"ரெண்டாவது எடம் எங்க வேணா இருக்கட்டும்மா," என்றார். "மூணாவத மட்டும் நல்லா பாத்துத் தேடணும்."